"அது உங்க ரெண்டு வீட்டு விவகாரம்" என்று சொல்லும் சங்கங்களுக்கு ஒரு திறந்த மடல்

நெல்லை மாநகரின் நான்கு மண்டலங்களிலும், வெளியே சேரன்மகாதேவி, அம்பாசமுத்திரம், வள்ளியூர், திசையன்விளை வரைக்கும் உள்ள குடியிருப்போர் நலச் சங்கங்களின் நிர்வாகிகளுக்கு,

அண்ணாச்சிமார்களுக்கும் அக்காமார்களுக்கும் வணக்கம்.

ராத்திரி பதினொன்றரைக்கு எதிர் வீட்டு மொட்டைமாடியில் ஸ்பீக்கர் அலறுகிறது, தினம் குடித்துவிட்டு வந்து தெருவில் நின்று ஏசுகிறார், வாறுகாலில் (தெருச் சாக்கடையில்) கக்கூஸ் தண்ணீரைத் திறந்துவிடுகிறார் என்று ஒருவர் உங்களிடம் வருகிறார். பெரும்பாலான சங்கங்கள் சொல்லும் பதில் ஒன்றுதான்: "அது உங்க ரெண்டு வீட்டு விவகாரம், நீங்களே பேசித் தீத்துக்கிடுங்க. சங்கம் தலையிட்டா சடவு வரும்."

தெருத் தொல்லை மனுக்களை எழுதிக் கொடுக்கிறவர்கள் நாங்கள். எங்கள் பார்வையில், தொல்லை கொடுப்பவருக்கு இதைவிடப் பெரிய உதவியை யாரும் செய்ய முடியாது. சட்டம் தொல்லையை இரண்டாகப் பிரித்து வைத்திருக்கிறது. ஒரு வீட்டை மட்டும் பாதித்தால் அது தனித் தொல்லை. பாதிக்கப்பட்டவர் உரிமையியல் நீதிமன்றம் போய்த் தடையுத்தரவு கேட்க வேண்டும். அக்கம்பக்கத்தில் குடியிருப்போரைப் பொதுவாகப் பாதித்தால் அது பொதுத் தொல்லை. பழைய இந்தியத் தண்டனைச் சட்டத்தின் இடத்தில் வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 270-ஆம் பிரிவு அதைத்தான் சொல்கிறது. அப்போது காவல்துறைக்கும் கோட்டாட்சியருக்கும் மாநகராட்சிக்கும் வேலை வந்துவிடுகிறது. ஒரே சத்தம்தான். ஒருவர் தனியாகப் போனால் பக்கத்து வீட்டுச் சண்டை. எட்டு வீட்டுக்காரர்கள் கையெழுத்துப் போட்டுப் போனால் பொதுத் தொல்லை. அந்த எட்டுக் கையெழுத்தை வாங்கித் தரக்கூடிய ஒரே அமைப்பு தெருவில் நீங்கள்தான்.

முதலில் பேச்சு. பேசாமல் எடுத்த எடுப்பில் மனு போட்டால் பாதி அதிகாரிகள், "ஒரு வார்த்தை சொல்லிப் பாத்தீங்களா?" என்றுதான் கேட்பார்கள். ஆனால் பேசும் விதத்தில்தான் காரியம் கெடுகிறது. சத்தம் நடந்துகொண்டிருக்கும்போதே கதவைத் தட்டாதீர்கள். குடித்திருக்கிற ஆளிடம், கூட்டாளிகள் சுற்றி நிற்கும்போது, நியாயம் எடுபடாது. அவருக்கு அந்த நேரத்தில் மானம்தான் பெரிது. மறுநாளோ அதற்கடுத்த நாளோ, பகலில், இரண்டு பேர் போங்கள். பாதிக்கப்பட்டவர் தனியாக வேண்டாம். பத்துப் பேர் திரண்டும் வேண்டாம், அது மிரட்டலாகத் தெரியும். வயதில் மூத்த ஒருவரும், அந்த வீட்டாரோடு முகம் கொடுத்துப் பேசும் ஒருவரும் போதும். வீட்டில் பெரியவர் யாரோ அவரிடம், "மாமா, உங்ககிட்ட ஒரு காரியம் சொல்லணும்" என்று முறை வைத்துத் தொடங்கினால் பாதி வேகம் அங்கேயே தணியும்.

கேட்பதைக் குறிப்பாகக் கேளுங்கள். "கொஞ்சம் சத்தத்தக் குறைங்க" என்பது வீண் பேச்சு. பெருக்கியின் திறனைப் பாதியாகக் குறைத்தாலும் ஒலியளவு 3 டெசிபெல்தான் இறங்கும். காதுக்கு அந்த வித்தியாசம் பெரிதாகத் தெரியாது. அவர் குறைத்தேன் என்பார், நீங்கள் குறைக்கவில்லை என்பீர்கள், இரண்டு பேர் சொல்வதும் உண்மையாகவே இருக்கும். அதற்குப் பதிலாக: "ஸ்பீக்கரை மாடியிலிருந்து கீழே இறக்கி வையுங்க, பொதுச்சுவரை விட்டுத் தள்ளி வையுங்க, அதோட முகத்தை உங்க பட்டாசல் (கூடம்) பக்கம் திருப்புங்க, பத்து மணிக்கு நிறுத்திருங்க." இந்த நாலும் செய்தாரா இல்லையா என்று கண்ணால் பார்த்துச் சொல்லலாம்.

வாடகைக்கு இருப்பவர் என்றால் வீட்டு உரிமையாளரை விடாதீர்கள். அவர் சென்னையிலோ மும்பையிலோ வளைகுடாவிலோ இருக்கலாம். மாதம் பிறந்தால் வாடகை போய்ச் சேர்கிறதே, கடிதமும் போய்ச் சேரும். 2017-ஆம் ஆண்டின் தமிழ்நாட்டு வாடகைச் சட்டத்தின்படி, பொதுத் தொல்லை தரும் வகையில் வீட்டைப் பயன்படுத்துவது 'தவறான பயன்பாடு'. நிறுத்தும்படி உரிமையாளர் அறிவிப்புக் கொடுத்த பிறகும் தொடர்ந்தால், அதைக் காரணம் காட்டி வாடகை நீதிமன்றத்தில் அவர் வீட்டைத் திரும்பக் கேட்கலாம். பல உரிமையாளர்களுக்கு இது தெரியாது. தெரிய வந்தால் குடியிருப்பவரிடம் அவர்களே பேசுவார்கள்.

பேச்சுக்குப் பலன் இல்லை என்றால் அடுத்தது நோட்டு. மனுவைவிட நோட்டு முக்கியம் என்று அடித்துச் சொல்வோம். "தினமும் தொல்லை, தாங்க முடியவில்லை, குழந்தைகள் படிக்க முடியவில்லை" என்ற மனுக்கள் எல்லா அலுவலகத்திலும் கட்டுக்கட்டாகக் கிடக்கின்றன. அவற்றை வைத்துக்கொண்டு எந்த அதிகாரியும் ஒரு நடவடிக்கையும் எடுக்க முடியாது. எந்த நாள், எத்தனை மணிக்கு, எவ்வளவு நேரம் என்பது அதில் இல்லை. நோட்டில் ஒரு பதிவு இப்படி இருக்கட்டும்:

"14-ஆம் தேதி, செவ்வாய், இரவு 10.40 முதல் 12.15 வரை. மேற்குப் பார்த்த மச்சு வீட்டு மொட்டைமாடி. பெட்டி ஸ்பீக்கர் இரண்டு. எங்கள் படுக்கையறை ஜன்னலை மூடிய பிறகும் பாட்டின் வரி புரிந்தது. 11.05-க்கு 112-ஐ அழைத்தோம். 11.40-க்கு ரோந்து வந்தது, சத்தம் நின்றது. 11.55-க்கு மறுபடி தொடங்கியது."

இதில் ஒரு வசைச் சொல்கூட இல்லை என்பதைக் கவனியுங்கள். 'காட்டுமிராண்டி', 'ரவுடி' போன்ற சொல் நோட்டில் ஏறினால், நோட்டு முழுவதும் பகையில் எழுதியது என்று எதிர்த்தரப்பு வக்கீல் சொல்ல இடம் கிடைக்கிறது. குறைந்தது மூன்று வீடுகள் தனித்தனி நோட்டில், அவரவர் கையெழுத்தில், அன்றன்றைக்கே எழுத வேண்டும். ஒருவர் எழுதியதை மற்றவர் பார்த்து எழுதினால் வாக்கியம் ஒன்றாக இருக்கும். படிக்கிறவருக்கு உடனே தெரியும். மூன்று நோட்டிலும் நேரம் ஐந்து பத்து நிமிடம் முன்னே பின்னே இருப்பது நல்லதுதான், அதுதான் இயற்கை. இரண்டு வாரம் போதும். ஒன்றும் நடக்காத நாளுக்கு 'இன்று இல்லை' என்றும் எழுதுங்கள். அந்த நேர்மை மற்ற நாட்களுக்குக் கனம் சேர்க்கும்.

கைபேசியில் எடுத்த காணொளியைக் குழுவில் போட்டுவிட்டு அசலை அழித்துவிடுவது எங்கும் நடக்கிற தவறு. வாட்ஸாப்பில் அனுப்பும்போது கோப்பு சுருங்குகிறது, எடுத்த நேரம் போன்ற உள்விவரங்கள் போய்விடுகின்றன. அசலை எடுத்த கைபேசியிலேயே வைத்திருங்கள். நகலைக் கம்பி வழியாகக் கணினிக்கு மாற்றி வையுங்கள். நீதிமன்றத்துக்குப் போனால் புதிய சாட்சியச் சட்டமான பாரதிய சாட்சிய அதினியத்தின் 63-ஆம் பிரிவுப்படி சான்றிதழ் தர வேண்டும், அதில் கோப்பின் ஹாஷ் மதிப்பும் (கோப்புக்குக் கைரேகை போன்ற எண்) குறிக்கப்படும். கைமாறிய கோப்புக்கு அது நிற்காது. இன்னொன்று, தெருவையும் உங்கள் வாசலையும் மட்டும் எடுங்கள். அவர்கள் வீட்டு ஜன்னலுக்குள்ளோ, புறவாசலில் நிற்கும் பெண்களையோ எடுத்தால் குற்றவாளி நீங்கள் ஆகிவிடுவீர்கள். கண்காணிப்பு கேமராவுக்கும் இதே கணக்குதான்.

இனி இரைச்சல். மனுக்களில் பெரும்பங்கு இதுதான், குழப்பமும் இதில்தான் அதிகம். ஒலி மாசு விதிகள் 2000-த்தின்படி குடியிருப்புப் பகுதியில் பகலில் 55, இரவில் 45 டெசிபெல் வரை. பகல் என்பது காலை 6 முதல் இரவு 10 வரை. மருத்துவமனை, பள்ளி, நீதிமன்றத்தைச் சுற்றி 100 மீட்டர் வரை அமைதி மண்டலமாக அறிவிக்கலாம். அங்கே 50, 40. பாளையங்கோட்டையில் பள்ளிகளும் கல்லூரிகளும் எத்தனை நெருக்கமாக இருக்கின்றன என்று உங்களுக்கே தெரியும். உங்கள் தெரு அப்படி அறிவிக்கப்பட்ட எல்லைக்குள் வருகிறதா என்று கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

இந்த எண்களைப் பார்த்ததும் எல்லோரும் கைபேசியில் அளவு செயலியை இறக்கிக்கொண்டு நிற்கிறார்கள். இரவுக்கு அது தேவையே இல்லை. 7-ஆம் விதியை ஊன்றிப் படியுங்கள்: அளவை 10 டெசிபெல்லோ அதற்கு மேலோ தாண்டினால் புகார் தரலாம், அல்லது இரவு நேரத் தடைகளை மீறினாலே புகார் தரலாம். இரவு 10 மணிக்கு மேல் மொட்டைமாடியில் ஒலிபெருக்கி பாடினால், அது 46 டெசிபெல்லா 80 டெசிபெல்லா என்ற கேள்வியே வராது. மூடிய அரங்கத்துக்கு உள்ளே மட்டும் கேட்கும்படி வைப்பதற்கு விலக்கு உண்டு. கதவு ஜன்னல் எல்லாம் திறந்து கிடக்கும் கல்யாண மண்டபம் அந்த விலக்கைக் கேட்க முடியாது. குடியிருப்புப் பகுதியில் இரவில் வெடி போடுவதும், சத்தம் எழுப்பும் கட்டுமான இயந்திரத்தை ஓட்டுவதும்கூட இதே விதிகளில் தடை. டைல்ஸ் அறுக்கிற கட்டர் இரவு பத்தரைக்கு ஓடினால் தயங்காமல் எழுதுங்கள்.

அளவு தேவைப்படுவது பகலில்தான். அப்போதும் கைபேசி எண் நீதிமன்றத்துக்கான சான்று ஆகாது. கைபேசிக்குக் கைபேசி வித்தியாசம் வரும். அதிகாரியை வந்து அளக்க வைப்பதற்கான காரணம், அவ்வளவுதான். அளக்கிறவர்கள் ஜன்னலுக்கு வெளியே ஒரு மீட்டர் தள்ளி, நெஞ்சு உயரத்தில் பிடித்து, பதினைந்து நிமிடச் சராசரியை எழுதுங்கள். லாரி ஹாரன் அடித்த நொடியில் ஏறிய உச்ச எண்ணை எழுதுவதுதான் வழக்கமான பிழை. ஸ்பீக்கர் ஓடாத நேரத்தில் அதே இடத்தில் இன்னொரு அளவு எடுங்கள். இரண்டுக்கும் 10 டெசிபெல்லுக்கு மேல் வித்தியாசம் இருந்தால் சத்தம் ஸ்பீக்கருடையதுதான். 3-க்குள் என்றால் உங்கள் தெருவின் பேருந்துச் சத்தத்தைத்தான் நீங்கள் அளந்திருக்கிறீர்கள்.

'தும் தும்' என்று சுவர் அதிரும் ஊஃபர் சத்தம் தனிச் சள்ளை. சட்டம் கேட்கும் 'ஏ' அளவுமுறை கீழ்ச்சுரத்தைக் குறைத்தே கணக்கிடும். கருவியில் 45 காட்டும்போதே உங்கள் அலமாரிக் கண்ணாடி கிலுகிலுக்கும். செயலியில் கீழ்ச்சுரத்தை அவ்வளவாகக் குறைக்காத 'சி' முறையும் இருக்கும். இரண்டிலும் அளந்து, வித்தியாசம் 15-ஐத் தாண்டினால் கீழ்ச்சுரம்தான் பிரச்சினை என்று மனுவில் எழுதுங்கள். ஜன்னல் இடுக்கில் ரப்பர் ஒட்டினால் பேச்சுச் சத்தமும் பாட்டுச் சத்தமும் ஓரளவு அடங்கும். ஊஃபருக்கு அது ஒன்றும் செய்யாது. பழைய வளவு வீடுகளில் சுவரும் உத்தரமும் பொதுவாக இருப்பதால் அதிர்வு நேராகக் கட்டடத்தின் வழியே வருகிறது. அந்தப் பெட்டியைத் தரையிலிருந்து தூக்கித் தடித்த ரப்பர் மெத்தைமேல் வைத்து, மூலையை விட்டு நகர்த்தச் சொல்லிக் கேளுங்கள். மூலையில் வைத்த ஊஃபர் சுவர்களை வைத்தே சத்தத்தைக் கூட்டிக்கொள்ளும்.

கோயில் கொடையை, அதாவது ஊர்க் கோயில் திருவிழாவைப் பற்றிச் சொல்லாமல் நெல்லையில் இரைச்சலைப் பேச முடியாது. கொடையை நிறுத்தச் சொல்கிற ஆட்கள் நாங்கள் இல்லை. சாமக்கொடை சாமத்தில்தான் நடக்கும். தொல்லை பூசையிலோ வில்லுப்பாட்டிலோ இல்லை. மூன்று நாள் காலை ஐந்து மணிக்குத் தொடங்கும் ரேடியோ செட்டில் இருக்கிறது, கோயிலுக்குச் சம்பந்தமே இல்லாத தெருமுனை வரை மின்கம்பத்துக்கு மின்கம்பம் கட்டுகிற குழாயில் இருக்கிறது. கூம்புக் குழாய்க்கு ஏற்கெனவே தடை இருக்கிறது. ஒலிபெருக்கி எதுவானாலும் எழுத்து அனுமதி வேண்டும். திருவிழாவுக்காக இரவு 10 முதல் 12 வரை அரசு தளர்வு தரலாம். அதுவும் ஆண்டுக்கு 15 நாளுக்கு மேல் கிடையாது. 12-க்கு மேல் யாருக்கும் கிடையாது.

கொடை நடக்கும்போது போய்ப் பேசினால் அது சாமிக்கு எதிரான பேச்சாக மாறிவிடும். கால்நாட்டுக்கு (கொடைக்குக் கால் நடும் சடங்குக்கு) முன்பே, வரி பிரிக்க வரும் நாளிலேயே பேசிவிடுங்கள். வரியையும் கொடுத்துவிட்டுப் பேசுங்கள், அப்போது உங்களுக்கும் சொல்ல உரிமை உண்டு. கேட்க வேண்டியது: ஆட்கள் உட்காரும் இடத்தில் சின்னப் பெட்டிகள், ஆள் உயரத்தில், கோயிலைப் பார்த்து. திறந்த வெளியில் தூரம் இரட்டிப்பானால் சத்தம் 6 டெசிபெல் குறையும். அதனால் தூரத்தில் உள்ளவர்களுக்கும் சேர்த்து ஒரே பெரிய பெட்டியில் அலறவிட்டால் பக்கத்தில் இருக்கிறவர்களின் காது கிழியும். பல இடங்களில் சின்னதாக வைத்தால் எல்லோருக்கும் கேட்கும், அடுத்த தெரு தூங்கும். கமிட்டியோடு சேர்த்து ரேடியோ செட்காரரிடமும் அனுமதியின் நகலைக் கொடுத்துச் சொல்லுங்கள். பறிமுதல் ஆனால் போவது அவர் பெட்டி; கமிட்டியைவிட அவருக்குக் கவலை அதிகம். சங்க ஆண்டு விழாவுக்கும் இதே விதிதான் என்பதையும் சொல்லி வைக்கிறோம்.

காவல் நிலையத்துக்கு வருவோம். நடக்கும்போது 112 அல்லது 100. "சண்டை, சீக்கிரம் வாங்க" என்று சொல்லாதீர்கள். "இரவு 10 மணிக்கு மேல் ஒலிபெருக்கி, குடியிருப்புப் பகுதி, இந்த இடம்" என்று சொல்லுங்கள். மறுநாள் எழுத்து மனு, ஒரே பக்கம், நோட்டின் நகல் இணைப்பு. மனு ரசீது, அதாவது சி.எஸ்.ஆர்., கேட்டு வாங்காமல் திரும்பாதீர்கள். ரசீது இல்லாத மனுவைப் பிறகு யாரும் தேடிக் கண்டுபிடிக்க முடியாது.

நிலையத்தில், "இதுக்கு எஃப்.ஐ.ஆர். போட முடியாது" என்றால் கோபப்படாதீர்கள். பாரதிய நியாய சன்ஹிதாவில் பொதுத் தொல்லைக்கான 292-ஆம் பிரிவில் தண்டனை ஆயிரம் ரூபாய் வரை அபராதம் மட்டுமே. குற்றவியல் நடுவர் உத்தரவு இல்லாமல் காவல்துறை அதை விசாரிக்க முடியாது. அவர்கள் சொல்வதில் உண்மை இருக்கிறது. ஆனால் அதே சட்டத்தில் பொது இடத்தில் பிறர் மனம் புண்படும்படி ஆபாசமாக ஏசுவது 296, குடித்துவிட்டுப் பொது இடத்தில் அலம்பல் செய்வது 355 (இதற்கும் நடுவர் உத்தரவு வேண்டும்), வளர்ப்பு நாயைக் கட்டுப்படுத்தாமல் ஆபத்து வரவிடுவது 291, தெருவை மறிப்பது 285. எது நடந்ததோ அதை மட்டும் எழுதுங்கள். எல்லாப் பிரிவையும் அடுக்கினால் மனு கதையாகிவிடும். இரைச்சல் விதிகளில் அதிகாரம் உள்ளவர் துணைக் கண்காணிப்பாளர் தகுதிக்குக் குறையாதவர். மாநகருக்குள் உதவி ஆணையர், வெளியே உங்கள் உட்கோட்ட டி.எஸ்.பி. சத்தத்தைத் தடுக்கவும் கட்டுப்படுத்தவும் எழுத்தால் உத்தரவிடும் அதிகாரம் அவர்களுக்கு உண்டு. இரண்டாவது மனு அங்கே போகட்டும். ஒரு மாதம் பதில் இல்லை என்றால் தகவல் உரிமைச் சட்டத்தில், பத்து ரூபாய் நீதிமன்ற வில்லை ஒட்டி, "இந்த எண் மனுமீது எடுத்த நடவடிக்கை என்ன" என்ற ஒற்றைக் கேள்வி. 30 நாளில் பதில் தர வேண்டும். தூங்குகிற கோப்பை எழுப்ப இதைவிட மலிவான வழி இல்லை.

எதிர்ப் புகார் வரும், எதிர்பாருங்கள். நீங்கள் கொடுத்த அன்றே அவர்களும், "எங்களை அடிக்க வந்தார்கள்" என்று கொடுப்பார்கள். உங்களில் ஒருவர் ஸ்பீக்கர் கம்பியைப் பிடுங்கியிருந்தாலோ, சட்டையைப் பிடித்திருந்தாலோ, அந்தப் பொய்க்குக் கால் முளைத்துவிடும். பிறகு இரண்டு பக்கமும் வழக்கு, இரண்டு பக்கமும் சமாதானம், சத்தம் மட்டும் அப்படியே இருக்கும். எனவே கையை வைக்காதீர்கள், ஃப்யூஸைப் பிடுங்காதீர்கள்.

அடுத்தது, நம் மாவட்டத்தில் கட்டாயம் சொல்ல வேண்டியது. மனுவில், நோட்டில், பேச்சில், குழுச் செய்தியில் எங்கும் சாதிப் பெயர் வரக்கூடாது; 'அந்தத் தெருக்காரங்க', 'அவங்க ஆளுங்க' போன்ற மறைமுகமும் வேண்டாம். ஸ்பீக்கர் பிரச்சினை ஒரே இரவில் இரண்டு சமூகத்துப் பிரச்சினையாக மாறிவிடும் ஊர் இது. மாறிவிட்டால் ஸ்பீக்கரை எல்லோரும் மறந்துவிடுவார்கள், நிலைமை உங்கள் கையிலும் இருக்காது. கையெழுத்துப் போடும் வீடுகள் எல்லாம் ஒரே சமூகமாக இருந்தால் மனுவைக் கொஞ்சம் தள்ளிப் போட்டு மற்ற வீடுகளையும் கேளுங்கள். உண்மையிலேயே எல்லோருக்கும் தொல்லை என்றால் எல்லோரும் போடுவார்கள். போடவில்லை என்றால், தொல்லை சத்தத்தில்தானா என்று உங்களையே கேட்டுக்கொள்ளுங்கள்.

வாறுகாலை அடைப்பது, சாயும் நிலையில் உள்ள சுவரையோ தென்னையையோ அப்படியே விட்டுவைப்பது, குடியிருப்புக்கு நடுவே உடம்புக்குக் கேடு தரும் தொழில் நடத்துவது ஆகியவற்றுக்குப் பெரிய கதவு பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 152-ஆம் பிரிவு. பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் அது 133. மனு கோட்டாட்சியருக்கு. திருநெல்வேலி, பாளையங்கோட்டை, மானூர் வட்டத்தார் திருநெல்வேலிக் கோட்டத்துக்கும், மற்றவர்கள் சேரன்மகாதேவிக் கோட்டத்துக்கும் போக வேண்டும். அவர் முதலில் நிபந்தனை உத்தரவு போடுவார்: இத்தனை நாளில் அகற்று, அல்லது வந்து காரணம் சொல். காரணம் நிற்கவில்லை என்றால் உத்தரவு உறுதியாகும். இந்த மனு தோற்பதற்கு ஒரே பெரிய காரணம், அதற்குள் எல்லைத் தகராறையும் பாதைத் தகராறையும் சேர்த்து எழுதுவது. "இது உரிமையியல் வழக்கு" என்று ஒரே வரியில் முடித்துவிடுவார்கள். பட்டா, அளவை, வேலி எல்லாவற்றையும் வெளியே விட்டுவிட்டு, தெருவுக்கு வரும் கேட்டை மட்டும் எழுதுங்கள். திங்கட்கிழமை கொக்கிரகுளம் ஆட்சியர் அலுவலகத்தில் மனு கொடுத்தாலும் இந்த வகை மனு சுற்றிக் கோட்டாட்சியரிடம்தான் வரும். நேரே கொடுப்பது நாளை மிச்சப்படுத்தும்.

இரண்டு பக்கமும் ஓரளவு இறங்கி வந்தால், பாளையங்கோட்டை நீதிமன்ற வளாகத்தில் உள்ள சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்குப் போங்கள். வழக்குப் போடாமலே மனு கொடுக்கலாம், கட்டணம் இல்லை. அங்கே லோக் அதாலத்தில் கையெழுத்தாகும் உடன்பாடு நீதிமன்றத் தீர்ப்புக்குச் சமம். நிலையத்தில் வெள்ளைத் தாளில் எழுதும் சமாதானக் கடிதத்துக்கு அந்த வலு கிடையாது.

மற்றவை சுருக்கமாக. குடிநீர் வரும் நேரத்தில் குழாயோடு மோட்டாரைப் போட்டு உறிஞ்சுகிறார் என்ற சந்தேகம் இருந்தால், மின்தடை வரும் நாளைப் பாருங்கள். கரண்ட் போன நிமிடம் கடைசி வீட்டில் தண்ணீர் வேகம் எடுத்தால் சந்தேகம் சரி. நேரத்தைக் குறித்து மண்டல அலுவலகத்தில் கொடுங்கள், விநியோக நேரத்தில் சோதனை கேளுங்கள். குப்பையையும் பிளாஸ்டிக்கையும் கொளுத்துவதற்குத் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2016-லேயே 5,000 ரூபாய் அபராதம் வைத்தது. படத்தோடு மண்டலச் சுகாதார ஆய்வாளரிடம் போங்கள். புகைக்குழாயை மாற்றி அலறவிடும் பைக்குக்குப் போக்குவரத்துக் காவல், பதிவெண் தெரியும் படம் வேண்டும். காலி மனையில் குடிக்கும் கூட்டத்துக்கு முதல் மருந்து போலீஸ் இல்லை, தெருவிளக்கு. கம்ப எண்ணைக் குறித்து விளக்கைச் சரி செய்ய வையுங்கள், மனைக்காரருக்குக் கடிதம் போட்டுக் கருவேல முள்ளை வெட்ட வையுங்கள். வெளிச்சத்தில் உட்கார்ந்து குடிக்கப் பலருக்குத் துணிவு வராது.

தொல்லை போலத் தெரிகிற சிலவற்றைத் தொல்லையாக எடுக்கக்கூடாது. இரவில் ஒரு வீட்டிலிருந்து கத்தலும் பாத்திரம் விழும் சத்தமும் வந்தால், அங்கே ஒரு பெண் அடி வாங்கிக்கொண்டிருக்கலாம். அதை இரைச்சல் நோட்டில் எழுதாதீர்கள், பெண்கள் உதவி எண் 181-ஐ அழையுங்கள். குடும்ப வன்முறைச் சட்டம் 2005-இன்படி யார் வேண்டுமானாலும் பாதுகாப்பு அலுவலருக்குத் தகவல் தரலாம். நல்லெண்ணத்தில் சொன்னவர்மேல் பொறுப்பு வராது. குழந்தை என்றால் குழந்தைகள் உதவி எண் 1098. தெருவில் தனக்குத்தானே பேசிக்கொண்டு, கல்லெறிந்து, எல்லோரையும் ஏசுகிறவர் மனநோயாளியாக இருக்கலாம். அவருக்கு வேண்டியது ஐகிரவுண்டு அரசு மருத்துவமனையின் மனநலப் பிரிவு. வீட்டாருக்கு வழி தெரியாவிட்டால் 14416-இல் இலவச ஆலோசனை கிடைக்கும். மறதி நோய் வந்த ஆச்சி நடுராத்திரி கதவைத் தட்டுவதற்குச் சங்கம் நோட்டீஸ் அனுப்புவது வெட்கக்கேடு.

சங்கம் செய்யக்கூடாதவையும் உண்டு. அபராதம் விதிக்க உங்களுக்கு அதிகாரம் இல்லை. தண்ணீரை நிறுத்துவது, கடையில் சாமான் கொடுக்காதே என்பது, நல்லது கெட்டதுக்குப் போகாதே என்பது எல்லாம் ஊர்விலக்கு. அதைச் செய்தால் நாங்களே எதிர்ப்பக்கம் மனு எழுதுவோம். குழுவில் பெயர் போட்டு, படம் போட்டு அசிங்கப்படுத்துவது அவதூறு வழக்கில் முடியும், கையெழுத்துப் போடத் தயாராக இருந்த நல்ல வீடுகளும் ஒதுங்கிவிடும்.

வாடகைக்கு இருப்போரைப் பல சங்கங்கள் உறுப்பினராகச் சேர்ப்பதில்லை. அவர்களிடம் கையெழுத்து மட்டும் கேட்டால் எப்படிப் போடுவார்கள்? அடுத்த செயற்குழுவில் அந்த விதியை மாற்றுங்கள். அதே கூட்டத்தில் இரண்டு பேரைப் பேச்சுக்குப் போகிறவர்களாகத் தேர்ந்தெடுங்கள், அதில் ஒருவர் பெண்ணாக இருக்கட்டும். அறிவிப்புப் பலகையில் உங்கள் நிலையம், உதவி ஆணையர் அல்லது டி.எஸ்.பி., கோட்டாட்சியர், மண்டலச் சுகாதார ஆய்வாளர் அலுவலக எண்களை எழுதி வையுங்கள். நாற்பது பக்க நோட்டு ஐந்து வாங்கிச் செயலரிடம் இருக்கட்டும். அடுத்த முறை ஒருவர் வந்து கதவைத் தட்டும்போது, "ரெண்டு வீட்டு விவகாரம்" என்று சொல்வதற்கு முன்னால், அதில் ஒன்றை எடுத்து அவர் கையில் கொடுத்து, இன்னும் எந்தெந்த வீட்டுக்குச் சத்தம் கேட்கிறது என்று கேளுங்கள்.

இப்படிக்கு,
தெருத் தொல்லை மனு எழுதிக் கொடுப்போர் சிலர்
பாளையங்கோட்டை